ஜோன் கிராஃபோர்டின் புள்ளிகளை அழித்தவர்

போன வாரம் முழுக்க ஒரே பெண்ணின் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் ஜோன் கிராஃபோர்ட். 1931இல் வந்த ‘லாஃபிங் சின்னர்ஸ்’ படத்தின் விளம்பரத்துக்காக ஜார்ஜ் ஹரெல் எடுத்தது. முதல் படத்தில் நெற்றி, கன்னம், மூக்கு என்று முகம் பூராவும் புள்ளிகள். கண்ணுக்குக் கீழே லேசான சுருக்கம். இரண்டாவது படத்தில் இது எதுவுமே கிடையாது. முகம் வழவழவென்று பீங்கான் மாதிரி இருக்கிறது. வெளிச்சம் அதேதான், பார்வையும் அதேதான். தோல் மட்டும் வேறு.

இணையத்தில் இந்த ஜோடிப் படம் ரொம்பப் பிரபலம். “ஃபோட்டோஷாப் வருவதற்கு முன்னாலேயே ஃபோட்டோஷாப்” என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே நூறு பேர் “அப்பவே ஏமாத்தியிருக்காங்க பாருங்க” என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதல் படம்தான் உண்மை, இரண்டாவது பொய் என்று எடுத்துக்கொள்வது ஒன்று. அந்தப் புள்ளிகளை அழித்த ஆள் யார் என்று யாருமே கேட்காதது இன்னொன்று. அவர் பெயர் ஜேம்ஸ் ஷார்ப். ஸ்டூடியோவின் டச்சிங் கலைஞர். அவர் பெயரை நான் பார்த்தது இந்த ஒரு படத்தின் அடிக்குறிப்பில்தான்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் முப்பது வருஷம் டச்சிங் வேலை பார்த்தவர். ஸ்டூடியோவின் பின்னறையில் சாய்வான ஒரு மேசை, நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. உப்புத்தாளில் ஊசி மாதிரி தீட்டிய பென்சில்கள். அவர் அங்கே குனிந்தபடி உட்கார்ந்திருப்பதுதான் என் ஞாபகம். வெளியே போகும் படத்தின் அட்டையில் ஸ்டூடியோ பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். பெரியப்பா பெயர் எங்கேயும் இருக்காது. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதும் கிடையாது.

இனி ஹரெல் கதைக்கு வருவோம். இவர் 1904இல் பிறந்தவர். சிகாகோவில் ஓவியம் படித்துவிட்டு 1925இல் கலிஃபோர்னியாவில் லகுனா பீச் என்ற ஊருக்கு வந்தார். ஓவியர்கள் கூடி வாழ்ந்த கடலோர ஊர் அது. அங்கே மற்ற ஓவியர்களின் ஓவியங்களையும் ஆட்களையும் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைக்க ஆரம்பித்தார். பான்சோ பார்ன்ஸ் என்ற பெண் விமானி அவருக்குத் தோழி. அவர் மூலமாக ‘பென்ஹர்’ நாயகன் ரமோன் நவாரோ 1929இல் ஹரெலிடம் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களை நார்மா ஷியரர் பார்த்தார்.

ஷியரர் அப்போது எம்ஜிஎம்மின் பெரிய நட்சத்திரம். அவருடைய கணவர் இர்விங் தால்பெர்க் அந்த ஸ்டூடியோவின் தயாரிப்புத் தலைவர். ‘தி டைவர்ஸி’ படத்தின் நாயகி வேடம் ஷியரருக்கு வேண்டும். ஆனால் தால்பெர்க்குக்குத் தன் மனைவி அதற்குப் பொருந்துவார் என்ற நம்பிக்கை இல்லை. கண்ணியமான குடும்பப் பெண் என்ற பிம்பம் அவருடையது. கதாநாயகியோ கணவன் செய்த துரோகத்துக்குத் தானும் அதையே செய்து கணக்குத் தீர்க்கிறவள். ஷியரர் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கவில்லை. ஹரெலிடம் போய், தளர்ந்த அங்கியும் கலைந்த கூந்தலுமாகப் படம் எடுத்துக்கொண்டு வந்து கணவரிடம் காட்டினார். வேடம் கிடைத்தது. படம் 1930இல் வந்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ஹரெலுக்கு எம்ஜிஎம்மில் வேலை கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 1932இல், அதை விட்டுவிட்டு சன்செட் பொலிவார்டில் சொந்த ஸ்டூடியோ போட்டார்.

இந்தக் கதையைப் பொதுவாக ஹரெலின் திறமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். இங்கே புகைப்படம் ஒரு மனு. ஒரு பெண் தன் முதலாளியிடம் (அவர் கணவராகவும் இருந்தார் என்பது வேறு விஷயம்) வாயால் கேட்டுப் பெற முடியாததைப் படத்தைக் காட்டிப் பெற்றிருக்கிறாள். யோசனை அவளுடையது. ஆளைத் தேர்ந்தெடுத்தது அவள். எந்த மாதிரி முகம் வேண்டும் என்று தீர்மானித்ததும் அவள்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றவரை மட்டும் ‘கலைஞர்’ என்றும் முன்னால் உட்கார்ந்தவரைக் ‘கருப்பொருள்’ என்றும் சொன்னால் இதில் பாதிக் கதை காணாமல் போகிறது.

ஹரெல் செய்தது என்ன என்று குறைத்துச் சொல்லவும் நான் தயாராக இல்லை. 1920களின் நட்சத்திரப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் மெல்லிய பனிமூட்டம் போட்ட மாதிரி இருக்கும். கூர்மையைக் குறைக்கும் லென்ஸ், முகமெங்கும் பரவிய மிதமான ஒளி. அதில் சுருக்கம் தானாகவே மறையும், கூடவே ஆளும் கொஞ்சம் மறைந்துபோவார். ஹரெல் அந்த மூட்டத்தை எடுத்தார். கூர்மையான லென்ஸ், 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா, கடினமான ஒளி. நீளமான கையில் விளக்கை மாட்டி ஆளின் தலைக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகிற ‘பூம் லைட்’டை அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த விளக்கு மேலிருந்து இறங்கும்போது கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம், அதன் கீழே ஆழமான நிழல், இமைமுடியின் நிழல் கன்னத்தில். உட்காருபவர்களை முகப்பூச்சு இல்லாமல், கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் மை பூசி வரச் சொல்வார். தோலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒளி நன்றாகத் தெறிக்கும். கிராமபோனில் பாட்டைப் போட்டுவிட்டு, குதித்துக் கூத்தடித்து ஆளைச் சகஜமாக்குவாராம்.

இங்கேதான் ஷார்ப் போன்றவர்கள் வருகிறார்கள். கூர்மையான லென்ஸ், பூச்சில்லாத முகம், கடினமான ஒளி மூன்றும் சேர்ந்தால் தோலின் ஒவ்வொரு துளையும் நெகட்டிவில் பதியும். கிராஃபோர்டின் புள்ளிகள் நேரில் இருந்ததைவிட அழுத்தமாகவே விழுந்திருக்கும். ஹரெலுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். பின்னறையில் ஓர் ஆள் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் அவர் இப்படி எடுத்தார். பெரிய நெகட்டிவை வைத்ததில் இந்த வசதியும் உண்டு: அதன் மேலே பென்சில் வேலை செய்ய இடம் இருக்கிறது.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக விழப்போகும் புள்ளி நெகட்டிவில் வெளிறிய ஓட்டையாகத் தெரியும். முதலில் நெகட்டிவின் மேல் பென்சில் பிடிக்கிற மாதிரி ஒரு திரவத்தைத் துணியால் தடவுவார்கள். பிறகு அந்த ஓட்டையை, சுற்றிலும் உள்ள அடர்த்திக்குச் சமமாக வரும்வரை பொடிப்பொடிக் கோடுகளாலும் சுழிகளாலும் நிரப்ப வேண்டும். கூடினால் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். குறைந்தால் புள்ளி போகாது. பென்சிலால் படத்தை வெளுக்க மட்டும்தான் முடியும். கறுக்க வேண்டுமானால் சின்னக் கத்தியால் நெகட்டிவைச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பெரியப்பாவிடம் வந்த வேலையில் பெரும்பகுதி பெண் பார்க்கக் கொடுத்தனுப்பும் படங்கள். அம்மைத் தழும்பை எடுக்கணும், மாநிறத்தைச் சிவப்பாக்கணும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை அவர் என்னிடம் சொன்னது: “தழும்பை எடுத்திரலாம்டா. ஆனா சிரிக்கிறப்ப வாய் ஓரத்துல விழுற கோடு இருக்கு பாரு, அதை எடுத்தா அது வேற பொண்ணு.” எதை அழிப்பது, எதை விடுவது என்ற இந்த முடிவு முகத்தை வாசிக்கத் தெரிந்தவனால்தான் முடியும். கிராஃபோர்டின் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷார்ப் புள்ளிகளை எடுத்திருக்கிறார், கண்ணடிச் சுருக்கத்தை எடுத்திருக்கிறார். கன்ன எலும்பையும் அதன் கீழ் நிழலையும் தொடவில்லை. அந்த முகத்தின் பிடிவாதம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதல் படத்தை ‘நிஜ’ கிராஃபோர்ட் என்று கொண்டாடுவது தப்பு என்கிறேன். அது பாதி முடிந்த வேலை. புள்ளிகள் போய்விடும் என்ற கணக்கில்தான் அந்த ஒளியே வைக்கப்பட்டிருக்கிறது. எடுக்காமல் விடப்போகிறோம் என்றால் விளக்கை வேறு இடத்தில் வைத்திருப்பார். கிராஃபோர்டும் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பார். இட்லி மாவைத் தின்று பார்த்துவிட்டு, இதுதான் நிஜ இட்லி என்று சொல்ல முடியுமா?

ஆனால் இதை ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வியும் ஒத்துக்கொண்டாக வேண்டும். புள்ளி இல்லாத முகம்தான் முடிந்த முகம் என்று யார் முடிவு செய்தது? ஷார்ப்பும் இல்லை, ஹரெலும் இல்லை. ஸ்டூடியோதான். படம் ஸ்டூடியோவின் சொத்து. பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் போகிற சரக்கு. பெரியப்பாவிடம் மாநிறத்தை மாற்றச் சொன்னதும் அந்தப் பெண்கள் இல்லை, கூட வந்தவர்கள்தான்.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் கிரெட்டா கார்போவின் முகத்தைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை உண்டு. அந்த முகத்தை ஒரு முகமூடி போல, ஆளைக் கடந்த ஒரு கருத்து போல அவர் பார்க்கிறார். ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தை அதற்கு எதிராக நிறுத்துகிறார். அழகான கட்டுரை, நானும் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் டச்சிங் மேசையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு இடறல் தட்டுப்படும். முகம் எப்படிக் கருத்தானது என்ற கேள்வி அங்கே இல்லை. அது வானத்திலிருந்து இறங்கியது போலிருக்கிறது. கார்போவின் முகத்துக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். 1929 முதல் அவரைத் தொடர்ந்து படம் எடுத்த கிளாரன்ஸ் சின்க்ளேர் புல் இருந்தார். அதற்கு முன்னால் ரூத் ஹாரியட் லூயிஸ் இருந்தார். 1925இல் தன் இருபதுகளின் தொடக்கத்திலேயே எம்ஜிஎம்மின் உருவப்படக் கூடத்துக்குப் பொறுப்பேற்ற பெண். ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் அப்படி ஒரு பதவிக்கு வந்த முதல் பெண். 1930இல் அவர் வெளியேறினார், ஹரெல் உள்ளே வந்தார். 1940இல் பிரசவச் சிக்கலில் லூயிஸ் இறந்துபோனார். ஷியரர் கதையைச் சொல்கிற பலர் இந்த வெளியேற்றத்தைச் சொல்வதில்லை.

உட்கார்ந்தவர்களின் வேலையும் இதே கணக்கில் வரும். ஹரெலிடம் கார்போ ‘ரொமான்ஸ்’ படத்துக்காக 1930இல் உட்கார்ந்தார். ஹரெலின் குதிப்பும் பாட்டும் அவரிடம் எடுபடவில்லை. கார்போ மறுபடி புல்லிடமே போனார். மார்லீன் டீட்ரிச் கேமராவுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடியை வைத்துத் தன்னைப் பார்த்தபடியே உட்காருவாராம். ஜோசஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்கிடம் வேலை செய்து, மேலிருந்து விழும் ஒளியில் மூக்கின் கீழே பட்டாம்பூச்சி மாதிரி நிழல் விழுந்தால் தன் முகம் எப்படி மாறும் என்று கற்றுக்கொண்டவர் அவர். நம்ம ஊர்க்காரர்களுக்கு எல்லிஸ் ஆர். டங்கனைத் தெரியும். 1945இல் வந்த ‘மீரா’வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு அதன் மேல் வெவ்வேறு ஒளியைப் போட்டுப் பார்த்தார். ஒரு முகத்துக்கு எது பொருந்தும் என்பது பரிசோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் என்று டீட்ரிச்சுக்குத் தெரிந்திருந்தது, டங்கனுக்கும் தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னது யார் யார் வேலை செய்தார்கள் என்பது. அந்த வேலையால் என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஆன்னா மே வாங் ஞாபகம் வருகிறார்.

வாங் 1905இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்கர். 1932இல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் அவரும் டீட்ரிச்சும் ஒரே ரயில்பெட்டியில் பயணம் செய்கிறார்கள். இருவரும் சேர்ந்திருக்கும் விளம்பரப் படங்களைப் பாருங்கள். ஒளி இருவர் மேலும் ஒரே அக்கறையோடுதான் விழுகிறது. நேராக வெட்டிய முன்முடி, தாழ்ந்த இமைகள், நீண்ட விரல்கள். ஹரெலும் பிற்பாடு 1938இல் அவரைப் படம் எடுத்தார். என் கணக்கில் வாங்கின் நல்ல உருவப்படங்கள் ஷியரரின் அந்தப் பிரபலமான படங்களைவிட ஒரு படி மேல். ஷியரர் படத்தில் ஒருத்தி வேறொருத்தியாக முயற்சி செய்வது தெரிகிறது. வாங் எந்த முயற்சியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

1930களின் நடுவில் எம்ஜிஎம், பெர்ல் பக்கின் சீன விவசாயக் குடும்பக் கதையான ‘தி குட் எர்த்’ நாவலைப் படமாக்கியது. நாயகி ஓ-லான் வேடத்துக்கு ஹாலிவுட்டில் வாங்கைவிடப் பொருத்தமான நட்சத்திரம் இல்லை. ஆனால் கணவன் வேடம் வெள்ளைக்காரரான பால் மூனிக்குப் போய்விட்டது. வெள்ளையருக்கும் வேற்றினத்தவருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்பது அப்போதைய தயாரிப்பு விதி. கணவனாக நடிப்பவர் சீன வேஷம் போட்ட வெள்ளைக்காரர் என்பதால் மனைவியாக நடிப்பவரும் சீன வேஷம் போட்ட வெள்ளைக்காரியாகத்தான் இருக்க வேண்டும்! வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது. படம் 1937இல் வந்தது. அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. குடும்பத்தைக் கெடுக்கிற லோட்டஸ் வேடத்தை வாங் மறுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1936இல் அவர் முதல்முறையாகச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்.

‘தி குட் எர்த்’ படத்துக்குப் பின்னால் இருந்த தயாரிப்பாளர் யார் தெரியுமா? அதே இர்விங் தால்பெர்க். படம் முடிவதற்கு முன்பே, 1936இல், இறந்துபோனார். ஷியரரின் சில புகைப்படங்களைப் பார்த்து மனம் மாறியவர். அதே ஸ்டூடியோ. வாங் மேசையில் எத்தனை படங்களைப் பரப்பிக் காட்டியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒளி அமைக்கிறவருக்கு அவர் முகம் ஒரு நட்சத்திரத்தின் முகம்தான். அந்த முகத்துக்கு என்ன வேடம் என்று முடிவு செய்யும் அறைக்குள் அந்தப் படம் போக முடியவில்லை.

கவர்ச்சி உருவப்படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் முக்கியமான குறை. ஒரு பக்கம் ‘ஒளியின் மந்திரம்’ என்று சிலாகிப்பு. இன்னொரு பக்கம் ‘எல்லாம் ஏமாற்று’ என்று கோபம். இரண்டு கூட்டமும் படத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் எங்கே எடுத்துக்கொண்டு போகப்பட்டது, யாருடைய மேசையில் வைக்கப்பட்டது, அங்கே என்ன செய்தது என்று தொடர்ந்து போனால்தான் ஷியரருக்கும் வாங்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தெரியும். வாங் முகம் பதித்த கால் டாலர் நாணயத்தை 2022இல் அமெரிக்க அரசு வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஓ-லான் வேடம் அதனால் திரும்பக் கிடைக்காது.

ஹரெலின் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கும் ஓர் ஆள் காரணம். ஜான் கோபல் என்ற சேகரிப்பாளர். ஸ்டூடியோக்கள் பழைய நெகட்டிவ்களையும் பிரிண்ட்களையும் குப்பை என்று தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைச் சேர்த்தார். வயதான புகைப்படக்காரர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். 1980இல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். நட்சத்திரத்தின் பெயர் மட்டும் இருந்த இடத்தில் எடுத்தவரின் பெயரும் வந்தது அவரைப் போன்றவர்களால்தான். ஹரெல் 1992இல், தன் 87ஆம் வயதில் காலமாகும்போது அவருடைய பழைய படங்கள் கலைப்பொருளாக விலைபோகத் தொடங்கியிருந்தன. கோபல் செய்தது பாதி வேலை. மீதிப் பாதி, பின்னறையில் இருந்தவர்களின் பெயர்கள். அதற்கு ஸ்டூடியோச் சம்பளப் பட்டியல்களைத்தான் தோண்ட வேண்டும், புகைப்படங்களை அல்ல.

பெரியப்பா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் என் அத்தையின் கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அத்தைக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இடது கன்னத்தில் தழும்புகள் உண்டு. படத்தில் அவை இல்லை. வாய் ஓரத்துக் கோடு இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்காகப் படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருந்தன. அதற்குக் கீழே பெரியப்பாவின் பெயரை நானே பென்சிலால் எழுதி மறுபடி மாட்டிவிட்டேன்.